ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்: துறவு மடங்களின் பீர் நமக்குச் சொல்லும் பாடம்

பெல்ஜியம் நாட்டின் தெற்கே, பிரான்சு நாட்டு எல்லையை ஒட்டி, ஸ்கூர்மோன் என்னும் துறவு மடம் இருக்கிறது. அங்கு வாழ்பவர்கள் டிராப்பிஸ்ட் துறவிகள். மௌனம், செபம், உழைப்பு என்ற மூன்றையும் வாழ்வாக்கிக் கொண்டவர்கள். அந்த மடத்து மண்ணில் துறவி அல்லாத ஒருவரும் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். அவர் பெயர் ழான் டெ கிளெர்க். லூவேன் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்து, 1978ஆம் ஆண்டு இறைவனடி சேர்ந்தவர். அவர் கற்பித்தது இறையியலா, திருவிவிலியமா என்று கேட்டால், இரண்டும் இல்லை. அவர் கற்பித்தது பீர் தயாரிக்கும் அறிவியல்!

துறவு மடத்துக்கும் பீருக்கும் என்ன உறவு என்று நம்மில் பலர் முகம் சுளிக்கலாம். அது நியாயமே. மதுவால் சீரழிந்த குடும்பங்களை நாம் நமது பங்குகளிலேயே காண்கிறோம். தந்தையின் குடியால் படிப்பை நிறுத்திய பிள்ளைகளை நாம் அறிவோம். அந்த வேதனையை மறந்துவிட்டு இதை எழுதவில்லை. கட்டுரையின் இறுதியில் அந்தக் கேள்விக்கே திரும்பி வருவோம். அதற்கு முன், கைத்தொழில் ஒன்றைப் பொறுமையாகவும் உண்மையாகவும் செய்து திருத்துவது எப்படி என்பதை, இந்தத் துறவிகளிடமும், வீட்டிலேயே சிறிய அளவில் பீர் தயாரித்துப் பழகும் மேலைநாட்டு எளிய மனிதர்களிடமும் கற்றுக்கொள்வோம்.

மடமும் உழைப்பும்

ஆறாம் நூற்றாண்டில் புனித ஆசீர்வாதப்பர் (பெனடிக்ட்) தம் துறவிகளுக்கு ஓர் ஒழுங்கு நூலை எழுதினார். தம் கைகளால் உழைத்து உண்பவர்களே உண்மையான துறவிகள் என்பது அதன் 48ஆம் பிரிவின் கருத்து. 40ஆம் பிரிவில் பானத்தின் அளவைப் பற்றிப் பேசுகிறார். துறவிகளுக்குத் திராட்சை இரசம் பொருந்தாது என்பதை ஒப்புக்கொண்டு, ஆயினும் தம் காலத்துத் துறவிகளை அதற்கு இணங்க வைக்க முடியாது என்ற யதார்த்தத்தையும் ஒப்புக்கொண்டு, நாளுக்கு ஒரு சிறிய அளவை மட்டும் அனுமதிக்கிறார். அதையும் விட்டுவிடும் ஆற்றலை இறைவன் யாருக்குத் தருகிறாரோ, அவர்களுக்குத் தனிக் கைம்மாறு உண்டு என்கிறார்.

57ஆம் பிரிவு இன்னும் சிந்திக்கத் தக்கது. மடத்தில் கைத்தொழில் தெரிந்தவர்கள் இருந்தால், அதைத் தாழ்ச்சியோடு செய்யட்டும். தன் திறமையால்தான் மடம் பிழைக்கிறது என்று ஒருவர் செருக்குக் கொண்டால், அவரை அந்தத் தொழிலிலிருந்து விலக்கிவிட வேண்டும் என்கிறது. அங்கே செய்த பொருள்களை விற்கும்போது, வெளியார் விற்பதைவிடச் சற்றுக் குறைந்த விலைக்கே விற்க வேண்டும் என்றும் சொல்கிறது.

திராட்சை விளையாத வட ஐரோப்பாவில் துறவிகளின் பானம் பீர் ஆனது. ஒன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வரையப்பட்ட ஒரு துறவு மடத்தின் வரைபடம் இன்றும் சுவிட்சர்லாந்தின் சங்க் காலன் மடத்து நூலகத்தில் பாதுகாக்கப்படுகிறது. அதில் பீர் தயாரிக்கும் இடங்கள் மூன்று காட்டப்பட்டுள்ளன. துறவிகளுக்கு ஒன்று, மதிப்பிற்குரிய விருந்தினர்களுக்கு ஒன்று, திருப்பயணிகளுக்கும் ஏழைகளுக்கும் ஒன்று. மடத்தின் விருந்தோம்பலில் ஏழைக்கும் ஓர் அடுப்பு எரிந்தது என்பது நமக்கு வியப்பளிக்கிறது.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித ஹில்டகார்ட் (1098–1179) செடி கொடிகளின் பயன்களைப் பற்றி எழுதிய நூலில், ஹாப்ஸ் என்னும் கொடியின் கசப்பு பானங்களைக் கெடாமல் காக்கும் என்று குறிப்பிட்டார். இந்த அருள்சகோதரியைத்தான் 2012ஆம் ஆண்டு அக்டோபர் 7ஆம் நாள் திருத்தந்தை 16ஆம் பெனடிக்ட் திருஅவையின் மறைவல்லுநராக அறிவித்தார். வீடு, வயல், ரொட்டி ஆகியவற்றைப் புனிதப்படுத்தும் செபங்களோடு, பீரைப் புனிதப்படுத்தும் செபமும் உரோமைத் திருச்சடங்கு நூலில் இடம்பெற்றிருந்தது.

ஏல் எப்படி உருவாகிறது?

பீரில் இரு பெரும் குடும்பங்கள் உண்டு. குளிர்ந்த நிலையில் மெதுவாக நொதிப்பது லாகர். சற்று வெதுவெதுப்பான நிலையில், ஏறக்குறைய 18 முதல் 22 பாகை செல்சியஸ் வெப்பத்தில் நொதிப்பது ஏல். துறவு மடங்களில் புகழ்பெற்றவை பெரும்பாலும் ஏல் வகையே. வீட்டில் தயாரிப்பவர்களும், தனிக் குளிர்பதனப் பெட்டி தேவைப்படாததால், ஏலையே முதலில் செய்து பழகுகிறார்கள்.

தேவையானவை நான்கே: தண்ணீர், முளைகட்டி உலர்த்திய பார்லி (இதையே மால்ட் என்கிறோம்), ஹாப்ஸ் பூக்கள், ஈஸ்ட்.

முதலில், மால்ட்டை நொறுக்கி, 65 பாகைக்குச் சற்று முன்பின்னான வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊற வைக்கிறார்கள். பார்லி முளைக்கும்போது அதற்குள் உருவான நொதிகள் இந்த வெப்பத்தில் வேலை செய்து, மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றுகின்றன. கிடைக்கும் இனிப்பான நீரை வடித்து, ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் கொதிக்க வைக்கிறார்கள். கொதிக்கத் தொடங்கியதும் போடும் ஹாப்ஸ் கசப்பைத் தரும். இறக்கும் நேரத்தில் போடும் ஹாப்ஸ் மணத்தைத் தரும். நாம் இரசத்துக்குக் கொத்தமல்லித் தழையை இறக்கும்போது போடுவதற்கும் காரணம் இதுதானே!

பிறகு, அந்த நீரை விரைவாக ஆற வைத்து, நன்கு சுத்தம் செய்த பாத்திரத்தில் ஊற்றி, ஈஸ்ட்டைச் சேர்க்கிறார்கள். ஈஸ்ட் சர்க்கரையை உண்டு, மதுச்சத்தையும் கரியமில வாயுவையும் வெளியிடுகிறது. ஒன்றிரண்டு வாரங்களில் நொதித்தல் அடங்குகிறது. அதன்பின் லிட்டருக்கு ஆறு, ஏழு கிராம் சர்க்கரை சேர்த்துப் புட்டிகளில் அடைத்து, மேலும் இரண்டு வாரங்கள் வைக்கிறார்கள். புட்டிக்குள் மீண்டும் ஒரு சிறு நொதித்தல் நடந்து, நுரை உண்டாகிறது. நொதித்தல் முடியும் முன்பே அவசரப்பட்டு அடைத்தால், அழுத்தம் கூடிப் புட்டி வெடித்துவிடும். அவசரத்துக்கு இத்தொழிலில் மன்னிப்புக் கிடையாது.

இந்த நான்கு பொருள்களில் ஈஸ்ட்தான் நெடுங்காலம் மறைபொருளாக இருந்தது. 1516ஆம் ஆண்டு ஜெர்மனியின் பவேரியாவில் பிறப்பிக்கப்பட்ட புகழ்பெற்ற சட்டம், பீரில் தண்ணீர், பார்லி, ஹாப்ஸ் தவிர வேறெதுவும் சேர்க்கக் கூடாது என்றது. ஈஸ்ட்டை அது குறிப்பிடவே இல்லை. உண்மையில் வேலையைச் செய்வது யார் என்பதை அக்காலத்தில் யாரும் அறிந்திருக்கவில்லை. லூயி பாஸ்டர் 1876ஆம் ஆண்டு பீரைப் பற்றிய தம் ஆய்வு நூலை வெளியிட்டார். 1883ஆம் ஆண்டு டென்மார்க்கில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் ஒரே ஒரு ஈஸ்ட் செல்லைப் பிரித்தெடுத்து, அதிலிருந்து கலப்பற்ற ஈஸ்ட்டைப் பெருக்கும் வழியைக் கண்டார். கண்ணுக்குத் தெரியாமல், ஓசையின்றி, மாவு முழுவதையும் புளிக்கச் செய்யும் புளிப்பு மாவை நம் ஆண்டவர் விண்ணரசுக்கு உவமையாகச் சொன்னதை இங்கே நினைத்துப் பார்க்கலாம்.

சோதனையின் ஒழுக்கம்

இங்கிலாந்தில் 1963ஆம் ஆண்டு முதல், சொந்தப் பயன்பாட்டிற்காக வீட்டில் பீர் தயாரிக்க உரிமம் தேவையில்லை என்றானது. அமெரிக்காவில் 1978ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஜிம்மி கார்ட்டர் கையொப்பமிட்ட சட்டம் இதற்கு வழி திறந்தது. அதன்பின் ஆசிரியர்களும், தச்சர்களும், ஓய்வு பெற்றவர்களும் தங்கள் சமையலறையிலேயே இதைக் கற்கத் தொடங்கினார்கள். அவர்களில் தேர்ந்தவர்கள் கடைப்பிடிக்கும் முறை நம் கவனத்துக்குரியது.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஒருவர் 20 லிட்டர் ஏல் தயாரிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சுமார் நான்கரை கிலோ மால்ட் போட்டிருக்கிறார். நொதிக்கும் முன் அந்த இனிப்பு நீரின் அடர்த்தியை ஹைட்ரோமீட்டர் என்னும் கருவியால் அளக்கிறார். வெறும் தண்ணீரின் அளவு 1.000 என்றால், இது 1.050 காட்டுகிறது. நொதித்து முடிந்தபின் 1.012 காட்டுகிறது. இறங்கிய அளவு 0.038. இதை 131 என்ற எண்ணால் பெருக்கினால், மதுச்சத்து ஏறக்குறைய 5 விழுக்காடு என்று தெரிகிறது. எல்லாம் சரியாகவே நடந்திருக்கிறது. ஆனால் குடித்துப் பார்த்தால் சுவை மெலிந்து, வறண்டு இருக்கிறது.

பழக்கமில்லாதவர் என்ன செய்வார்? அடுத்த முறை மால்ட்டைக் கூட்டுவார், ஹாப்ஸை மாற்றுவார், வேறு ஈஸ்ட்டையும் வாங்குவார். பீர் நன்றாக வந்தாலும் எதனால் நன்றாக வந்தது என்று அவருக்குத் தெரியாது. கெட்டுப்போனாலும் எதனால் கெட்டது என்று தெரியாது. தேர்ந்தவர் ஒரே ஒன்றை மட்டும் மாற்றுவார். ஊற வைக்கும் வெப்பத்தை 65 பாகையிலிருந்து 68 பாகைக்கு உயர்த்துவார். மற்ற அனைத்தும் அப்படியே இருக்கும். வெப்பம் சற்றுக் கூடும்போது, ஈஸ்ட் உண்ண முடியாத பெரிய சர்க்கரைக் கூறுகள் அதிகம் மிஞ்சும். அதனால் பானம் சற்றுக் கனமாகவும் நிறைவாகவும் இருக்கும். இப்போது காரணமும் விளைவும் ஒன்றுக்கொன்று நேராக நிற்கின்றன.

இதற்கு ஆகும் காலத்தை எண்ணிப் பாருங்கள். தயாரிக்க ஒரு நாள், நொதிக்க இரண்டு வாரம், புட்டியில் இரண்டு வாரம். ஒரு சோதனைக்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. ஓராண்டில் பத்து கேள்விகளுக்குத்தான் விடை காண முடியும். ஆகவே காலத்தைச் சேமிக்க, ஒரே அடுப்பில் காய்ச்சிய 20 லிட்டரை இரண்டு பாத்திரங்களில் பத்துப் பத்து லிட்டராகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் வெவ்வேறு ஈஸ்ட்டைச் சேர்த்துப் பார்க்கிறார்கள். மற்ற எல்லாம் ஒன்றே என்பதால், வேறுபாடு ஈஸ்ட்டிலிருந்து மட்டுமே வந்திருக்கும்.

அடுத்தது, தன்னையே ஏமாற்றிக் கொள்ளாமை. நாம் செய்த மாற்றம் நல்ல மாற்றம் என்று நம்பவே நம் மனம் விரும்புகிறது. அதனால் மூன்று குவளைகளை வைக்கிறார்கள். இரண்டில் ஒரே பீர், ஒன்றில் மற்றது. எது எதில் என்று தெரியாத ஒருவர் சுவைத்து, வேறுபட்டது எது என்று சொல்ல வேண்டும். பலரும் சரியாகச் சொல்ல முடியவில்லை என்றால், நாம் பெருமையோடு செய்த மாற்றம் உண்மையில் மாற்றமே இல்லை என்று பொருள். இது தாழ்ச்சியைக் கற்றுத்தரும் சோதனை.

தவறுகளும் பேசுகின்றன. வெண்ணெய் வாசம் வந்தால், ஈஸ்ட் தன் வேலையை முடிக்கும் முன் பீரைப் பிரித்துவிட்டோம் என்று பொருள். பச்சை ஆப்பிள் வாசமும் பெரும்பாலும் அவசரத்தின் அடையாளமே. மருந்து வாசம் வந்தால் குழாய் நீரில் இருந்த குளோரினைச் சந்தேகிக்க வேண்டும். புளிப்பு ஏறினால், பாத்திரத்தைச் சரியாகக் கழுவவில்லை. இவை அனைத்தையும் ஒரு குறிப்பேட்டில் தேதியோடு எழுதி வைக்கிறார்கள். வெற்றியை மட்டும் எழுதி, தோல்வியை மறைக்கும் குறிப்பேட்டால் எந்தப் பயனும் இல்லை.

மூன்று மடங்கள்

இந்த ஒழுக்கத்தையே பெல்ஜியத் துறவிகளிடமும் காண்கிறோம்.

ஸ்கூர்மோன் மடம் 1850ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. 1862ஆம் ஆண்டு முதல் அங்கே பீர் தயாரிக்கிறார்கள். ஷிமே என்ற பெயரில் அது உலகெங்கும் அறியப்படுகிறது. இரண்டாம் உலகப் போரின்போது ஜெர்மானியப் படைகள் மடத்தைக் கைப்பற்றின. காய்ச்சும் செம்புப் பாத்திரங்களும் பறிபோயின. போருக்குப் பின் எல்லாவற்றையும் மீண்டும் தொடங்க வேண்டியிருந்தது. அப்போதுதான் தந்தை தெயோதோர் என்ற துறவி, பேராசிரியர் டெ கிளெர்க்கின் துணையோடு, மடத்தின் ஈஸ்ட்டை ஆராய்ந்தார். பலவகை நுண்ணுயிர்கள் கலந்து கிடந்ததிலிருந்து, தமக்குத் தேவையான ஒரே ஈஸ்ட்டை 1948ஆம் ஆண்டு பிரித்தெடுத்தார். ஷிமேயின் சுவைக்கு இன்றும் அந்த ஈஸ்ட்தான் அடிப்படை. இழப்பின் சாம்பலிலிருந்து, துறவியும் பேராசிரியரும் தோளோடு தோள் நின்று மீட்டெடுத்தது அது. அந்தப் பேராசிரியர் ஏன் மடத்து மண்ணில் உறங்குகிறார் என்பது இப்போது நமக்குப் புரிகிறது.

இரண்டாவது, வெஸ்ட்மால்லெ. பிரெஞ்சுப் புரட்சியால் விரட்டப்பட்ட துறவிகள் 1794ஆம் ஆண்டு அடைக்கலம் தேடி அமைத்த மடம் இது. 1836ஆம் ஆண்டு தங்கள் சொந்த பீரை முதன்முதலாக உணவு மேசையில் பருகினார்கள். 1934ஆம் ஆண்டு டிரிப்பல் என்னும் பொன்னிற ஏலை உருவாக்கினார்கள். 1956ஆம் ஆண்டு சகோதரர் தோமாஸ் அதில் ஹாப்ஸின் அளவைக் கூட்டித் திருத்தினார். அதற்குப்பின் அந்தச் செய்முறை பெரிதாக மாறவில்லை. இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து ஒரு திருத்தம். பின்பு அதைக் கைவிடாத உறுதி. எப்போது மாற்ற வேண்டும் என்பதை அறிவது போலவே, எப்போது மாற்றுவதை நிறுத்த வேண்டும் என்பதை அறிவதும் ஞானமே.

இந்த மடத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். வெஸ்ட்ஃப்ளேட்டரன் என்ற ஊரிலுள்ள புனித சிக்ஸ்துஸ் மடமும் பீர் தயாரிக்கிறது. உலகக் கணக்கில் பார்த்தால் இவை ஒன்றுக்கொன்று போட்டி. ஆயினும் வெஸ்ட்ஃப்ளேட்டரன் துறவிகளுக்கு ஈஸ்ட் வெஸ்ட்மால்லெயிலிருந்துதான் செல்கிறது.

மூன்றாவது, ஓர்வால். 1132ஆம் ஆண்டு சிஸ்டர்சியன் துறவிகள் வந்து தங்கிய பழம்பெரும் மடம். 1793ஆம் ஆண்டு பிரெஞ்சுப் புரட்சிப் படைகளால் அழிக்கப்பட்டு, ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக இடிபாடாகக் கிடந்தது. 1926ஆம் ஆண்டு மீண்டும் கட்டத் தொடங்கினார்கள். கட்டுமானச் செலவுக்காக 1931ஆம் ஆண்டு பீர் தயாரிப்பு நிலையத்தை அமைத்தார்கள். இங்கே பிரெட்டனோமைசஸ் என்ற காட்டு ஈஸ்ட்டைச் சேர்க்கிறார்கள். உலகின் பெரும்பாலான மது உற்பத்தியாளர்கள் இந்தப் பெயரைக் கேட்டாலே அஞ்சுவார்கள். சரக்கையே கெடுத்துவிடும் பகைவன் என்பார்கள். ஓர்வால் துறவிகள் அதற்கு உரிய இடத்தையும் நேரத்தையும் கொடுத்து, அதையே தங்கள் பீரின் அடையாளமாக்கினார்கள். புதிய ஓர்வாலில் ஹாப்ஸின் மணம் ஓங்கியிருக்கும். மாதங்கள் செல்லச் செல்ல அது அடங்கி, காட்டு ஈஸ்ட்டின் சுவை மேலெழும். கட்டுவோர் விலக்கிய கல்லை மூலைக்கல்லாக்கும் இறைவனின் வழியை நினைவூட்டும் செய்தி இது.

போதும் என்று சொல்லத் தெரிந்தவர்கள்

இவ்வளவு திறமை இருந்தால் தொழிலைப் பெருக்கலாமே என்று நாம் நினைப்போம். 2005ஆம் ஆண்டு, வெஸ்ட்ஃப்ளேட்டரன் துறவிகளின் பீரே உலகில் சிறந்தது என்று பீர் ஆர்வலர்கள் பலர் வாக்களித்தார்கள். மடத்தின் வாயிலில் வாகனங்கள் வரிசையில் நின்றன. துறவிகளோ உற்பத்தியைக் கூட்டவில்லை. தாங்கள் துறவிகளாக வாழ்வதற்குப் பீர் தயாரிக்கிறோமே தவிர, பீர் தயாரிப்பதற்காக வாழவில்லை என்பதில் உறுதியாக இருந்தார்கள். வாங்குபவர்கள் அதை இலாபத்துக்கு மறுவிற்பனை செய்யக் கூடாது என்றும் கேட்டுக்கொண்டார்கள். மடத்தைப் புதுப்பிக்கப் பணம் தேவைப்பட்டபோது, விதிவிலக்காகக் கடைகள் வழியே விற்றார்கள். தேவை முடிந்ததும் பழைய அளவுக்கே திரும்பினார்கள்.

டிராப்பிஸ்ட் மடங்கள் 1997ஆம் ஆண்டு ஒரு சங்கத்தை அமைத்து, தங்கள் முத்திரைக்குச் சில நிபந்தனைகளை வகுத்தன. பொருள் மடத்தின் சுற்றுப்புறத்துக்குள் செய்யப்பட வேண்டும். துறவிகளாலோ அவர்கள் மேற்பார்வையிலோ செய்யப்பட வேண்டும். தொழில் துறவு வாழ்வுக்குக் கீழ்ப்பட்டதாக இருக்க வேண்டும். வருமானம் துறவிகளின் பிழைப்புக்கும் மடத்தின் பராமரிப்புக்கும் போக, மீதி இரக்கச் செயல்களுக்குச் செல்ல வேண்டும்.

இந்த நிபந்தனைகள் வெறும் எழுத்தல்ல. பெல்ஜியத்தின் ஆஹெல் மடத்தில் வசிக்கும் துறவிகள் இல்லாமல் போனதால், அதன் பீர் 2021ஆம் ஆண்டு அந்த முத்திரையை இழந்தது. பீரின் சுவை மாறவில்லை. ஆனால் செபிக்கும் குழுமம் இல்லாத இடத்தில் முத்திரைக்குப் பொருள் இல்லை என்று ஏற்றுக்கொண்டார்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், ஸ்பென்சர் என்ற ஊரிலுள்ள புனித யோசேப்பு மடத்துத் துறவிகள், ஐரோப்பிய மடங்களில் கற்று வந்து, பலமுறை சோதித்து, 2013ஆம் ஆண்டு தங்கள் ஏலைத் தொடங்கினார்கள். ஐரோப்பாவுக்கு வெளியே முதல் டிராப்பிஸ்ட் பீர் அது. ஒன்பது ஆண்டுகள் உழைத்தார்கள். தொழில் தங்களுக்கு ஏற்றதாக அமையவில்லை என்று தெரிந்ததும், ஓராண்டுக்கு மேல் கூடிச் சிந்தித்து, 2022ஆம் ஆண்டு அதை நிறுத்திவிட்டார்கள். நெடுங்காலமாகச் செய்து வந்த பழ ஜாம் தொழிலும் செபமும் தொடர்ந்தன. தோற்றுப்போன சோதனையையும் வெட்கமின்றிக் குறிப்பேட்டில் எழுதி மூடி வைப்பது இதுதான்.

மதுவைப் பற்றிய நம் கேள்வி

இனி நாம் முதலில் ஒத்திவைத்த கேள்விக்கு வருவோம். இவ்வளவு நல்ல பாடங்கள் இருப்பதால், குடிப்பது நல்லது என்று ஆகிவிடுமா? ஆகாது.

துறவிகளே இதில் எச்சரிக்கையாக இருக்கிறார்கள். வெஸ்ட்மால்லெ டிரிப்பலில் 9.5 விழுக்காடு மதுச்சத்து உண்டு. துறவிகள் உணவு மேசையில் பருகும் ஏலில் ஏறக்குறைய அதில் பாதிதான். அதுவும் உணவோடு, அளவோடு. கத்தோலிக்கத் திருஅவையின் மறைக்கல்வி நூலும் 2290ஆம் எண்ணில், உணவிலும் மதுவிலும் மிதமிஞ்சிப் போவதைத் தவிர்க்கச் சொல்கிறது. குடித்துவிட்டு வாகனம் ஓட்டிப் பிறர் உயிருக்கு ஆபத்து விளைவிப்பதைக் கடும் குற்றமாகக் காண்கிறது.

ஆனால் அளவு என்ற சொல்லே பயன்படாத சகோதரர்களும் இருக்கிறார்கள். அயர்லாந்து நாட்டின் டப்ளின் நகரில் வாழ்ந்த மாட் டால்பட் (1856–1925) சிறுவனாக இருந்தபோதே, மதுவைப் புட்டிகளில் அடைக்கும் ஒரு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே குடிக்கப் பழகினார். கூலி முழுவதும் மதுக்கடைக்கே போனது. 1884ஆம் ஆண்டு, தம் 28ஆம் வயதில், இனிக் குடிப்பதில்லை என்று உறுதிமொழி எடுத்தார். அவருக்கு முன் இருந்தது ‘கொஞ்சமா, அதிகமா’ என்ற கேள்வி அல்ல. ஒரு துளியும் வேண்டாம் என்பதே அவரைக் காப்பாற்றிய முடிவு. திருப்பலியும் செபமும் உழைப்புமாக நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அந்த உறுதியில் வாழ்ந்து, திருப்பலிக்குச் செல்லும் வழியில் தெருவிலேயே விழுந்து உயிர் நீத்தார். 1975ஆம் ஆண்டு திருஅவை அவரை வணக்கத்துக்குரியவர் என அறிவித்தது. அதே நாட்டில் கப்புச்சின் துறவி தந்தை தியோபால்ட் மேத்யூ 1838ஆம் ஆண்டு தொடங்கிய மதுவிலக்கு இயக்கத்தில் எண்ணற்ற மக்கள் உறுதிமொழி எடுத்தார்கள்.

ஆக, ஏல் காய்ச்சும் டிராப்பிஸ்ட் துறவியும், மதுவை ஒழிக்கப் புறப்பட்ட கப்புச்சின் துறவியும் ஒரே திருஅவையின் பிள்ளைகள். இருவரும் கேட்டுக்கொண்ட கேள்வி ஒன்றே: ‘இது என்னை விடுதலையுள்ள மனிதனாக வைத்திருக்கிறதா, அடிமையாக்குகிறதா?’ நம் இல்லத்தில், நம் பங்கில், இந்தக் கேள்விக்கு மாட் டால்பட் தந்த விடை தேவைப்படுவோர் பலர். அவர்களுக்கு இந்தக் கட்டுரை ஒரு சாக்காகிவிடக் கூடாது. தமிழ்நாட்டில் உரிமமின்றி வீட்டில் மது தயாரிப்பது சட்டப்படி குற்றம் என்பதையும் நினைவில் கொள்வோம்.

நமக்கும் ஒரு குறிப்பேடு

அப்படியானால் நாம் எடுத்துச் செல்ல வேண்டியது என்ன? அந்தக் குறிப்பேட்டை எடுத்துச் செல்லலாம்.

லொயோலா நகர்ப் புனித இஞ்ஞாசியார் தம் ‘ஆன்மிகப் பயிற்சிகள்’ நூலில் தனித் தேர்வு என்று ஒரு முறையைக் கற்பிக்கிறார். எல்லாக் குறைகளையும் ஒரே நாளில் திருத்தப் புறப்படாமல், ஒரே ஒரு குறையை எடுத்துக்கொள்ள வேண்டும். காலையில் அதை மனத்தில் கொள்ள வேண்டும். நண்பகலிலும் இரவிலும் எத்தனை முறை அதில் விழுந்தோம் என்று எண்ணி, ஒரு கோட்டின் மேல் புள்ளிகளாகக் குறிக்க வேண்டும். பின் இன்றைய நாளை நேற்றைய நாளோடும், இந்த வாரத்தைச் சென்ற வாரத்தோடும் ஒப்பிட வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம், மறைக்காத குறிப்பு, பொறுமையான ஒப்பீடு. ஏல் காய்ச்சுபவரின் குறிப்பேட்டுக்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

தவக்காலம் வந்தால் நாம் பத்துத் தீர்மானங்கள் எடுக்கிறோம். கோபத்தை விடுவேன், தொலைக்காட்சியை விடுவேன், நாள்தோறும் செபமாலை சொல்வேன், புறங்கூற மாட்டேன். இரண்டாம் வாரத்தில் எல்லாம் குலைந்து போகிறது. எது நம்மை வீழ்த்தியது என்றும் நமக்குத் தெரிவதில்லை. அதற்குப் பதிலாக, பிள்ளைகளிடம் கடிந்து பேசுவதை மட்டும் ஒரு மாதம் கவனித்தால் என்ன? எந்த நேரத்தில் சொல் தடித்தது, பசியிலா, களைப்பிலா, கடன்காரர் வந்துபோன பின்பா என்று எழுதி வைத்தால் என்ன? நாம் மாறினோமா என்பதை நாமே சொல்லாமல், அந்த மூன்று குவளைச் சோதனையைப் போல, நம் வீட்டாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டால் என்ன?

இறைவன் நம்மில் வேலை செய்வதும் ஈஸ்ட்டைப் போலத்தான். கண்ணுக்குத் தெரிவதில்லை. ஓசை எழுவதில்லை. நாம் செய்ய வேண்டியது பாத்திரத்தைச் சுத்தமாக வைத்திருப்பதும், உரிய வெப்பத்தைக் காப்பதும், அவசரப்பட்டு மூடியைத் திறக்காமல் இருப்பதுமே.

சிந்திக்க:

1. இந்த மாதம் நான் மாற்றிக்கொள்ள விரும்பும் ஒரே ஒரு குறை எது?

2. என் திறமையால்தான் என் குடும்பமோ என் அன்பியமோ நடக்கிறது என்ற செருக்கு என்னிடம் உண்டா?

3. குடியின் பிடியிலிருக்கும் ஒருவர் என் உறவிலோ தெருவிலோ இருந்தால், அவரைத் தீர்ப்பிடாமல், அவர் எடுக்க வேண்டிய முதல் அடிக்கு நான் எவ்வாறு துணை நிற்பேன்?